நிரப்பாத இடங்கள்: பழந்தமிழ்ப் பதிப்பில் வலியறிதல்

திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதல் அரசனை நோக்கிக் கூறப்பட்டது. மேற்கொள்ளும் வினையின் வலிமை, தன் வலிமை, பகைவனின் வலிமை, இருதிறத்தார்க்கும் துணையாவார் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்குதல் வேண்டும் என்று அது தொடங்குகிறது. மயிலிறகைக்கூட அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டி தாங்காது என்பதும், மரக்கிளையின் நுனியை அடைந்த பின்னும் மேலே செல்ல முனைபவன் உயிரை இழப்பான் என்பதும் அவ்வதிகாரம் காட்டும் உவமைகள். படைநடத்துவோர்க்கு வகுத்த இந்நெறி, ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றிய பதிப்பாசிரியர்களின் தொழிலுக்கும் வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. சிதைந்த மூலம் அங்கு வினை; செல்லும் கறையானும் கவனமற்ற எழுத்தரும் பகை; பிற பிரதிகளும் உரைகாரர்தம் மேற்கோள்களும் துணை. எஞ்சி நிற்பது பதிப்பாசிரியரின் தன்வலி. நான்கனுள் அளந்தறிதற்கு அரியது அதுவே.

உ.வே. சாமிநாதையரை (1855–1942) மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவர் கண்டெடுத்தவற்றையே எண்ணுகின்றனர். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என நீளும் வரிசை எவரையும் மலைக்க வைப்பது. ஊர் ஊராக அலைந்தமை, கிடைத்த ஏடுகள், கிடைக்காமற்போன ஏடுகள் ஆகியவற்றின் கதை ‘என் சரித்திரம்’ வாயிலாக மக்கள் வழக்கிலும் கலந்துவிட்டது. ஆனால் செய்யக்கூடியவராயிருந்தும் அவர் செய்யாமல் விட்டவை எவை என்னும் வினா குறைவாகவே எழுப்பப்படுகிறது. பதிப்புகளின் பக்கங்களில் புள்ளிகளாகவும் வெற்றிடங்களாகவும் கிடக்கும் அவ்விடங்கள், அச்சான அடிகளுக்கு இணையாக அவரது புலமைக்குச் சான்று பகர்வன.

ஏட்டின் இயல்பை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. சொற்பிரிப்போ அடிப்பிரிப்போ கிடையாது. கொம்பு, சகரம், ரகர வடிவு என்னும் மூன்று குறிகள் அடுத்தடுத்து நின்றால் அவற்றைச் ‘செர’ என்றும் ‘சேர’ என்றும் ‘செர்’ என்றும் ‘சேர்’ என்றும் ‘சொ’ என்றும் ‘சோ’ என்றும் படிக்க இடமுண்டு. எனவே ஏட்டை வாசித்தல் என்பதே ஓரளவு இயற்றுதலாகும். ஒவ்வோர் எழுத்திலும் படிப்பவரின் துணிவு கலக்கிறது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்னும் பழமொழி இத்தொழிலை அறிந்தவர் வாயில்தான் பிறந்திருக்க வேண்டும். துணிவு தவிர்க்க முடியாத ஒரு தொழிலில் அது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே பதிப்புக்கலையின் முதற்சிக்கல்.

செய்யுள் இயற்ற அறியாத ஒருவர் சிதைந்த அடியை நிரப்பாமல் விடுவதில் சிறப்பொன்றும் இல்லை. ஐயர் அத்தகையவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) பயின்றவர். தலபுராணங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் நாள்தோறும் வாய்மொழியாகவே இயற்றிச் சொல்லும் ஆசிரியரின் அருகிலிருந்து ஏட்டில் எழுதியவர். யாப்பு அவருக்குத் தாய்மொழியின் இலக்கணம் போன்றது. ஓர் ஆசிரிய அடியில் இரண்டு சீர் உதிர்ந்திருப்பின், எதுகை மோனை பிறழாமல் இரண்டு சீரை அமைத்தல் அப்பள்ளியின் இளமாணாக்கர்க்கும் இயலும். எவரும் ஐயுறாத வகையில் அமைக்க ஐயருக்கு இயன்றிருக்கும். இடர்ப்பாடு அவ்வாற்றலிலேயே இருந்தது.

குறிஞ்சிப்பாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்று. தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் மலர்களை அடுக்கிக் கூறும் அப்பகுதியில் 99 மலர்களின் பெயர்கள் வருகின்றன. பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும் பணியில் ஐயர் ஈடுபட்டிருந்தபோது, கைவசமிருந்த பிரதிகளில் அப்பகுதியின் சில அடிகள் காணப்படவில்லை. மலர்ப் பட்டியலைவிட எளிதாக நிரப்பக்கூடிய வேறோர் இடம் சங்கப் பாடல்களில் அரிது. முன்பின் அடிகளோடு பொருள் தொடர்பு தேவையில்லை. நிகண்டில் பூப்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஓசை ஒத்துவந்தால் போதும். ஐயர் நிகண்டைப் புரட்டவில்லை. தருமபுர ஆதீனத்தின் சுவடிகளுள் தேடி, அவ்வடிகள் முழுமையாக உள்ள பிரதியைக் கண்டார். பின்னாளில் ‘உதிர்ந்த மலர்கள்’ என்னும் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை இந்நிகழ்ச்சியைப் பற்றியது. அத்தேடல் வீணாகியிருந்தால் பத்துப்பாட்டுப் பதிப்பில் அவ்விடம் புள்ளிகளாகவே நின்றிருக்கும் என்பதில் ஐயமில்லை. பிற நூல்களில் அவ்வாறே நிற்கிறது. மலர்களைத் தாவரவியல் நோக்கில் இனங்காணும் இன்றைய ஆய்வுகள் பலவும் அவ்வடிகளையே அடிப்படையாகக் கொள்கின்றன. ஒரு பண்டிதர் கற்பித்துச் சேர்த்த பூக்களாக அவை இருந்திருப்பின் சங்ககாலக் குறிஞ்சி நிலத்தில் இல்லாத செடிகளைத் தேடி அறிஞர் அலைந்திருப்பர்.

புறநானூற்றில் வெற்றிடங்கள் மிகுதி. அந்நூலின் பெயரறியப்படாத பழைய உரைகாரரின் உரை முதல் 266 பாடல்களுக்கே கிடைத்தது. அடுத்த இரு பாடல்களாகிய 267, 268 அடியோடு மறைந்தன. அதற்குப் பின்வரும் பாடல்கள் பலவற்றில் அடிகள் சிதைந்துள்ளன. சிலவற்றில் பாடினோர் பெயர் இல்லை, சிலவற்றில் பாடப்பட்டோர் பெயர் இல்லை. 1894ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐயர் கைக்கொண்ட முறை எளியது. உரை கிடைத்தவரை உரையுடன் அச்சிட்டார். எஞ்சியவற்றை மூலமாகவே, சிதைவுகள் சிதைவுகளாகவே அச்சிட்டார். இரு எண்களும் இடம்விட்டு நிற்கின்றன. பின்வரும் பாடல்களை ஈரெண் முன்னகர்த்தி நூலை முழுமையாகத் தோன்றச் செய்யவில்லை. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நூற்றாண்டுக்கு மேலாகப் புறநானூற்றைச் சுட்டும் ஒவ்வோர் ஆய்வும் அந்த எண்வரிசையை நம்பியே நடக்கிறது. ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய இரண்டும், பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் அவ்வாறே இல்லாமையாகப் பதிவாகியுள்ளன. பரிபாடல் எழுபது என்பது மரபு. 1918இல் ஐயர் பதிப்பித்தபோது ஏட்டில் எஞ்சியவை 22 பாடல்கள். தொல்காப்பிய உரையிலும் புறத்திரட்டிலும் கிடைத்த பிற பகுதிகளை நூலுக்குள் நுழைக்காமல் ‘பரிபாடல் திரட்டு’ எனத் தனியே வைத்தார்.

மேற்கோள்கள் வகையிலும் இதுவே நிலை. உரைகாரர் எடுத்தாளும் செய்யுள் எந்நூலுக்கு உரியது என்று தெரிந்தால் குறிப்பார்; தெரியாவிடின் தெரியவில்லை என்றே எழுதுவார். பெரும்புலவர் ஒருவர் அச்சில் தம் அறியாமையைப் பதிவு செய்வது அக்காலப் புலமை உலகில் எளிய செயலன்று. கண்டனங்களும் மறுப்புகளும் துண்டு வெளியீடுகளாகப் பறந்த காலம் அது. அறியாமையைக் காட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு குறிப்பும் எதிரிக்கு ஆயுதம். அக்குறிப்புகளே பின்வந்தோர்க்குத் தேடுபணிப் பட்டியலாகவும் ஆயின.

இவ்வடக்கத்தை ஐரோப்பியப் பதிப்புமுறையின் தாக்கமாக மட்டும் விளக்குவது போதாது. தமிழ் உரைமரபிலேயே இதற்கு முன்னோடி உண்டு. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் தம் உரைப்பாயிரத்தில் ஒரு கணக்கை வெளிப்படையாக வைக்கிறார். இசைக்கும் நாடகத்திற்கும் இலக்கணமாயிருந்த தொன்னூல்கள் அழிந்தன என்கிறார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் ஆகியவற்றிலும் சில சூத்திரங்களே வழங்குகின்றன, முழுநூல் காணக்கிடைக்கவில்லை என்கிறார். ஆகவே இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் ஆகிய ஐந்தையும் துணைக்கொண்டு எழுதியதாகக் கூறுகிறார். அவ்வைந்தும் இளங்கோவடிகளின் கருத்தை நேரே விளக்க எழுந்தவை அல்ல, ஒருவகை ஒப்புமை பற்றியே பயன்பட்டன என்பதையும் மறைக்கவில்லை. அரங்கேற்று காதையின் இசைப் பகுதிக்கு அவர் தரும் விளக்கங்களைப் பயன்படுத்தும் ஆய்வாளர் பலர் இவ்வெச்சரிக்கையைப் படிக்காதவர் போல நடந்துகொள்கின்றனர் என்பது வருந்தத்தக்கது. அவர் உரையைத் தேடித் தேடி வாசித்துப் பதிப்பித்த ஐயர் அதைப் படிக்காதவர் அல்லர். கானல்வரிக்கும் வஞ்சிக்காண்டத்திற்கும் அவ்வுரை கிடைக்காதபோது, கிடைத்த அரும்பதவுரையோடு அமைந்தார்.

அடக்கம் என்பது எக்காலத்தும் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் கோடு அன்று. மணிமேகலை இதை நன்கு காட்டுகிறது. அதற்குப் பழைய உரை ஏதும் கிடைக்கவில்லை. பௌத்த சமயக் கொள்கைகளோ தமிழ்நாட்டில் கற்பிப்பார் இன்றிப் போயிருந்தன. சிந்தாமணிக்குக் குடந்தைச் சமணர் இருந்தனர். அவர்தம் இல்லங்களுக்குச் சென்று ஐயர் கேட்டறிய முடிந்தது. மணிமேகலைக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. புறநானூற்றின் பிற்பகுதியைப் போல மூலத்தை மட்டும் வெளியிட்டிருந்தாலும் குறைகூற இடமிராது. ஆயினும் குடந்தைக் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்கள் வாயிலாகப் பௌத்தக் கருத்துகளை எடுத்துரைக்க, அவற்றைக் கேட்டுத் தெளிந்தபின் ஐயர் தாமே குறிப்புரை எழுதி 1898இல் வெளியிட்டார். துணைவலி கிட்டிய இடத்தில் முன்செல்லவும் அவர் தயங்கவில்லை. குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதியதாகக் கூறப்படும் உரை மறைந்துபோயிற்று. 1937இல், எண்பது அகவை கடந்த நிலையில், அந்நூல் முழுமைக்கும் ஐயர் விரிவான உரை வகுத்தார். 1894இல் உரையின்றி விட்டவரும் 1937இல் உரை எழுதியவரும் ஒருவரே. இடைப்பட்ட 43 ஆண்டுகளில் தொகையும் பாட்டும் அவர் நினைவில் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு தொடருக்கு ஒப்புமைப் பகுதி பத்து நூல்களிலிருந்து வந்து நிற்கும் நிலை உருவாகியிருந்தது. குறுந்தொகைப் பதிப்பின் ஒப்புமைப் பகுதிகளைப் புரட்டுவோர்க்கு இது கண்கூடு. முதுமை அவர் எல்லையைக் குறுக்கியது என்று எண்ணுவோர் அப்பக்கங்களைப் பார்த்தல் நலம்.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பின்வாங்குதலுக்கு விலையுண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை (1832–1901) அவ்விலையை நன்கறிந்தவர். ஏடுகள் ஆண்டுதோறும் அழிந்துகொண்டிருக்கையில், பிழையறப் பதிப்பிக்கும் நாளுக்காகக் காத்திருப்பது நூலையே இழப்பதாகும் என்பது அவர் நிலைப்பாடு. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். அப்பதிப்பின் இறுதிப் பகுதியில் நச்சினார்க்கினியருடையதாக அச்சான உரை உண்மையில் பேராசிரியருடையது என்பதைப் பின்னர் இரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார். பிழை பிழையே. ஆயினும் அச்சானதால்தான் அப்பிழையைக் காணவும் முடிந்தது. பேராசிரியர் உரையும் பிழைத்தது. தாமோதரம் பிள்ளையின் விரைவையும் ஐயரின் நிதானத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தித் தரம் பிரிக்கும் பழைய வழக்கம் கைவிடத்தக்கது. இருவரும் அளந்தது ஒரே அபாயத்தை. தட்டுகளில் இட்ட எடைகள் வேறு.

ஆற்றலே எல்லையை மறைத்த இடங்களும் தமிழில் உண்டு. நச்சினார்க்கினியர் முதற்சான்று. சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், சமண நூல்களைக் கற்றபின் மீண்டும் எழுதினார் என்னும் செவிவழிச் செய்தி அவரைப் பற்றி வழங்குகிறது. அத்தகையவரே பத்துப்பாட்டுக்கு உரை வகுக்கையில், ‘மாட்டு’ என்னும் செய்யுளுறுப்பைக் காரணம் காட்டி, தொலைவில் கிடக்கும் அடிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பொருள் கூறுகிறார். 103 அடிகளே உடைய முல்லைப்பாட்டும் இதற்குத் தப்பவில்லை. மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டுக்கும் 1906இல் பட்டினப்பாலைக்கும் எழுதிய ஆராய்ச்சியுரைகளில் இம்முறையைக் கடுமையாக மறுத்து, அடிகள் கிடந்த ஒழுங்கிலேயே பொருள் கண்டார். மறுப்பு நியாயமானது. ஆனால் மறுக்க முடிந்ததற்குக் காரணம் நச்சினார்க்கினியர் மூலத்தைத் தொடாமையே. அவர் அடிகளை இடம்மாற்றியது உரைக்குள். பாட்டு தன்னிடத்திலேயே இருந்தது.

டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) மூலத்தையே தொட்டார். கம்பனை வாய்விட்டுப் படிக்கும் இன்பத்தைத் தமிழகத்திற்கு உணர்த்தியவர்களுள் அவருக்கு நிகர் சிலரே. திருநெல்வேலி வட்டத்தொட்டியில் பாடல் கேட்டவர்கள் கம்பனைப் பாடநூலாக அன்றிப் பாட்டாக அறிந்தனர். அச்செவியின் நுண்மையில் குறையில்லை. அந்நுண்மையே சான்று எனக் கொள்ளப்பட்டபோதுதான் இடர் நேர்ந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுள் மிகப் பலவற்றைக் கம்பனுடையவை அல்ல என ஒதுக்கினார்; ஏற்றுக்கொண்டவற்றிலும் செவிக்கு ஒவ்வாத சொற்களை மாற்றினார். ஏட்டுச் சான்று கேட்டோர்க்கு அவர் காட்டியது கவியுணர்வையே. அவர் மாற்றங்களுள் சில மூலத்தினும் அழகியவை என்பதை மறுப்பதற்கில்லை. அதனால்தான் அவை ஆபத்தானவை. மோசமான திருத்தம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். நல்ல திருத்தம் தலைமுறைகளைத் தாண்டி மூலமாகவே உலவும். ஐயப்பாட்டுக்குரிய பாடல்களை ‘மிகைப் பாடல்கள்’ எனப் பிற்சேர்க்கையில் வைக்கும் ஏனைய பதிப்புகள், படிப்பவர்க்கே தீர்ப்பை விட்டுவைக்கின்றன.

ஐயர் பதிப்புகளைக் குறையற்றவை எனக் கொள்வதும் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்தார். ஏடுகளை உதவியவர் பெயர்களை முகவுரையில் நன்றியோடு குறித்தார். எந்தப் பாடம் எந்த ஏட்டில் உள்ளது என்பதைப் பெரும்பாலும் இணைத்துக் காட்டவில்லை. ஆகவே அவர் ஒரு பாடத்தைத் தேர்ந்த காரணத்தைச் சோதிக்க விரும்புவோர் மீண்டும் ஏட்டுக்கே செல்ல வேண்டியிருக்கிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் வெளியீடுகளாக ஏவா வில்டன் பதிப்பித்த நற்றிணை (2008), குறுந்தொகை (2010) ஆகியவை ஏடுகளுக்குத் தனித்தனிக் குறியீடு தந்து ஒவ்வொரு பாடத்தின் இருப்பிடத்தையும் காட்டுகின்றன. இப்பணிக்குச் சென்னையில் உ.வே.சா. பெயரால் 1943இல் நிறுவப்பட்ட நூலகத்தின் சுவடிகள் இன்றியமையாதவை. தாம் குறித்துவைக்காததைப் பிறர் குறிக்கும்படி ஏடுகளைக் காத்து வைத்தமையும் அவர் பணியின் ஒரு கூறே.

தமிழகத்திற்கும் ஈழத்திற்கும் வெளியே வாழும் தமிழர்க்கு இச்சிக்கல் நூலறிவு சார்ந்தது மட்டுமன்று. கோலாலம்பூரிலோ சூரிச்சிலோ சங்கப் பாடலைக் கற்பிப்பவர் முன்னுள்ளது பெரும்பாலும் மின்வடிவம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் இல்லையேல் அவர்களில் பலருக்கு அந்நூல்களே எட்டியிரா. ஆனால் அச்சிலிருந்து திரைக்குப் பெயரும்போது முதலில் உதிர்வது அடிக்குறிப்பு. அடுத்து உதிர்வது புள்ளி. 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் சந்தி பிரித்து, நிறுத்தக்குறியிட்டு, சங்க நூல்களைப் பொதுமக்கள் கையில் சேர்த்தன. சந்தி பிரிப்பதும் ஒரு பொருள்கோள் என்பது அறிந்தோர்க்குத் தெரியும். சந்தி பிரித்த பாடத்தை மட்டுமே இணையத்தில் கண்டு வளரும் மாணவர்க்கு, பிரிக்குமுன் வேறு பொருளுக்கும் இடமிருந்தது என்பதே தெரிய வாய்ப்பில்லை. நற்றிணையின் 234ஆம் பாடல் மறைந்தது. இறையனார் களவியல் உரையில் மேற்கோளாக வரும் ஒரு செய்யுளை அவ்விடத்திற்கு உரியதெனக் கருதிப் பிற்பதிப்புகள் சில சேர்த்துள்ளன. கருத்து பொருத்தமானதாக இருக்கலாம். கருத்து என்னும் குறிப்பு நீங்கி எண் மட்டும் பாடலோடு ஒட்டிக்கொள்ளும்போது, அனுமானம் ஏடாகிவிடுகிறது.

சிதைந்த அடிகளைக் கணினியே நிரப்பித் தரும் காலம் வந்துள்ள நிலையில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர்க்கு இருந்த யாப்புத்திறன் இனி எவர்க்கும் ஒரு விசையழுத்தில் கிட்டும். மின்பதிப்புக்குரிய டி.இ.ஐ. குறியீட்டு நெறியில் விடுபாட்டுக்கு ஒரு குறி, ஐயத்திற்கிடமான எழுத்துக்கு ஒரு குறி, பதிப்பாசிரியர் சேர்த்ததற்கு ஒரு குறி என வெவ்வேறாக வகுக்கப்பட்டுள்ளன. சங்க நூல்களின் மின்பதிப்பைத் திட்டமிடும் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் முதற்கட்டத்திலேயே இம்மூன்றையும் இட்டுவைத்தல் இயலும். பின்னர் இடுவது மும்மடங்கு உழைப்பு. புறநானூற்றில் தொடங்கலாம். 266க்குப் பின் 269 வருவதற்கு முன்னர், இரண்டு எண்கள் பாடலின்றி நிற்க வேண்டும்.